இருமலுக்கு இடமில்லாத மண்டபம்

லண்டன், திங்கள் இரவு

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் தம்பி நலம். நவம்பரில் பிடித்த சளி மார்ச் வரைக்கும் விடாது என்பதைத் தவிர இந்த ஊரில் அவனுக்கு வேறு குறை இல்லை. அந்தச் சளியோடு இன்று மதியம் ஒரு பியானோ கச்சேரிக்குப் போய்விட்டு வந்தான். சளி பிடித்தவன் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அங்கே மட்டும் போகக் கூடாது.

இடம் விக்மோர் ஹால். சுமார் 550 பேர் உட்காரலாம். நம் பாரிட் புந்தாரில் ஒரு கல்யாணம் என்றால் பெண் வீட்டார் மட்டுமே அதற்கு மேல் வருவார்கள். ஜெர்மனியின் பெஹ்ஸ்டைன் பியானோ கம்பெனி தன் கடைக்குப் பக்கத்திலேயே 1901-இல் கட்டிய மண்டபம் அது. பியானோ விற்க வேண்டுமானால் அதை வாசித்துக் காட்ட ஓர் இடம் வேண்டுமே! அப்போது பெயரும் பெஹ்ஸ்டைன் ஹால்தான். முதல் உலகப் போர் வந்தது. எதிரி நாட்டுச் சொத்து என்று 1916-இல் ஏலம் விட்டார்கள். கட்டுவதற்கே 1 லட்சம் பவுண்டு ஆன மண்டபம், கடை, கிடங்கு, 137 பியானோ எல்லாம் சேர்த்து 56,500 பவுண்டுக்கு டெபன்ஹம் துணிக்கடைக்காரர்கள் எடுத்தார்கள். அத்தான் அங்கே இருந்திருந்தால் இன்னும் குறைத்துக் கேட்டிருப்பார். அடுத்த வருடம் தெருவின் பெயரையே வைத்துத் திறந்துவிட்டார்கள்.

மேடையில் ஒரு பியானோ, ஓர் அம்மா. அவ்வளவுதான். பக்கவாத்தியம் கிடையாது, மைக் கிடையாது, பார்த்து வாசிக்கத் தாளும் கிடையாது. 1837-இல் பெர்லினில் கிளாரா வீக் என்ற 17 வயதுப் பெண் இப்படித் தாளில்லாமல் வாசித்தபோது "என்ன திமிர்!" என்கிற மாதிரி முகம் சுளித்தவர்கள் உண்டு. இப்போது தாளை வைத்து வாசித்தால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எப்படிக் கேட்கிறது என்று உங்கள் தம்பிக்கும் சந்தேகம்தான். 88 கட்டைகளுக்கு உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள். அவை சேர்ந்து இழுக்கிற இழுப்பு ஏறத்தாழ 20 டன். வார்ப்பிரும்புச் சட்டம் அதைத் தாங்குகிறது. அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிக்கொண்டு நம் ரோட்டில் போகிற பெரிய லோரியின் பாரத்தை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, அந்த அம்மா விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார்.

வாசித்தது ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா. 1828 செப்டம்பரில் எழுதி முடித்தார். நவம்பரில் இறந்துவிட்டார், வயது 31. தொடக்கம் ரொம்ப மெதுவாக இருக்கும். ஒரு பாட்டு மாதிரி நாலு அடி நடக்கும். பிறகு இடது கை ஓரத்தில், கீழ் ஸ்தாயியில் ஒரு சுரம் லேசாக நடுங்கும். அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததையும் ஷூபர்ட் எழுதித்தான் வைத்திருக்கிறார். தம்பியின் தொண்டை அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

அக்கா, திங்கட்கிழமை மதியக் கச்சேரியை பிபிசி ரேடியோ 3 நேரடியாக ஒலிபரப்புகிறது. நம் வீட்டு வாசலில் இருமினால் கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்டார் பஹாருவுக்குக்கூடக் கேட்காது. இங்கே இருமினால் ஸ்காட்லாந்து வரை கேட்கும். இதே ஊரில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்ற பெரிய அரங்கில், மூடாத வாயின் ஒரு இருமல் 65 டெசிபெல், ஹார்ன் வாத்தியத்தின் நடுத்தரச் சத்தத்துக்குச் சமம் என்று அளந்து பார்த்து, கைக்குட்டையால் பொத்திக்கொள்ளும்படி நிகழ்ச்சி ஏட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். தம்பி பொத்தினான். கண்ணில் நீர் வந்தது. பக்கத்து இருக்கைப் பாட்டி, இசையில் உருகுகிறான் என்று நினைத்துக் கனிவாகப் பார்த்தார்.

முதல் பகுதி 20 நிமிடம். முடிந்ததும் தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். பாட்டியின் கனிவு போய்விட்டது. முழுவதும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். ஆனால் அந்த இடைவெளியில் மண்டபமே சேர்ந்து இருமியது பாருங்கள்! கோட்டுப் போட்ட கனவான்கள், முத்துமாலைச் சீமாட்டிகள், எல்லோரும் 20 நிமிடமாகச் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் கொட்டினார்கள். தட்டத்தான் தடை.

இந்தக் கட்டுப்பாடு ஆதியில் இருந்ததும் இல்லை. 1778-இல் மோட்சார்ட் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், தன் சிம்பொனியின் நடுவிலேயே ஜனங்கள் கைதட்டியதையும், அந்தச் சந்தோஷத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனதையும் பெருமையாகச் சொல்கிறார். கடிதம் எழுதிய அன்று, கூட இருந்த அம்மா இறந்துபோயிருந்தார். அதை மறைத்து, உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினார். உங்கள் தம்பி இதுவரை மறைத்தது காய்ச்சலை மட்டும்தான். அதுவும் இறங்கிவிட்டது.

ஒரே ஆள் முழு நேரமும் வாசிப்பதை 1839, 1840 வாக்கில் நிலைநாட்டிய பியானோக்காரர் லிஸ்ட், லண்டனில் ஒரு உருப்படி முடிந்ததும் மேடையை விட்டிறங்கி, தெரிந்தவர்களோடு பேசிவிட்டுப் போய் அடுத்ததை வாசித்தாராம். நம் சபாக்காரர்களும் தொடையில் தாளம் போடுவார்கள், "சபாஷ்" என்பார்கள், தனி ஆவர்த்தனத்தில் காபிக்கு எழுந்துபோவார்கள். தம்பியின் ஓட்டு லிஸ்ட்டுக்குத்தான். ஆனாலும் ஒன்று: அந்தக் கீழ்ச்சுர நடுக்கத்தைக் கேட்க வேண்டுமானால் 550 பேரும் வாயை மூடத்தான் வேண்டும். மாரியம்மன் கோயில் உறுமி மேளத்துக்கு அந்தத் தொல்லை இல்லை; யார் இருமினால் என்ன!

வெளியே வரும்போது பாட்டி தொண்டை மிட்டாய் ஒன்று கொடுத்தார். காகிதம் முன்கூட்டியே பிரித்திருந்தது. உள்ளே பிரித்தால் சரசரக்கும் என்று வீட்டிலேயே பிரித்து எடுத்து வருவாராம்.

அடுத்த திங்களுக்கும் சீட்டு வாங்கியாயிற்று, கதவோரமாக. அத்தானிடம் சொல்லி இரண்டு குப்பி கோடாலித் தைலம் அனுப்பச் சொல்லுங்கள். மணம் மண்டபம் முழுக்கப் பரவுமே என்பீர்கள். பரவட்டும், மணம் ரேடியோவில் போகாது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி