பென்டிரைவுப் பிரசங்கியாருக்கு

லேப்டாப்பு வேண்டாம், சட்டைப்பையில ஒரு பென்டிரைவு போதும், கிராமசபையில படம் ஓட்டிக் காட்டிருவேன்னு சொல்லுகியே மக்ளே, கொள்ளாம். ரொம்பக் கொள்ளாம். தோளுல தொங்குன பை எறங்கினா முதுகுவலி போவும். முதுகெலும்பு இருக்கா இல்லியான்னு அப்பத்தான நாலு பேருக்குத் தெரியும்.

நான் வாயனசாலைச் சாவிய இடுப்புல சொருகிட்டுத் திரியுத கெழவன். மெஷினப்பத்தி எனக்கு என்ன தெரியும்? ஆனா மெஷினுக்கு முன்னால நின்னு முழிச்சவனுவ எல்லாரையும் தெரியும். பாறசாலையில இருந்து வந்தவன் உண்டு, நெய்யாற்றின்கரையில இருந்து வந்தவன் உண்டு, களியக்காவிளை தாண்டி வந்தவனும் உண்டு. முழிக்க விதத்துல மட்டும் தமிழ், மலையாளம்னு பேதமே கெடையாது.

லேப்டாப்பு இல்லாமப் படம் காட்டுத இந்த நெட்வொர்க் ப்ரொஜெக்டருக்கு வயித்துக்குள்ள கொஞ்சம் மூளை உண்டு. முந்தி உள்ளதெல்லாம் கம்ப்யூட்டர் குடுத்தத அப்பிடியே சுவத்துல வீசும், அவ்வளவுதான். இது பென்டிரைவச் சொருகினா தானே தொறந்து படிக்கும். வைஃபை வழியா ஃபோன்ல உள்ளதையும் வாங்கிக்கிடும். ஆனா மூளை கொஞ்சந்தான், கேட்டியா. ஜேபெக் படம்னா முக்காவாசி மெஷினு தின்னும். பிடிஎஃப்ப சிலது தின்னும், சிலது துப்பும். ராத்திரி முழிச்சு நீ உண்டாக்கின பவர்பாயிண்ட் ஃபைல அப்பிடியே கொண்டுபோயிச் சொருகினியோ, பெரும்பாலும் ஒண்ணும் இல்லாத பென்டிரைவு மாதிரித்தான் பாவிக்கும்.

அதனால ஸ்லைடையெல்லாம் படமா மாத்திக் கொண்டுபோ. மாத்தும்போது பவர்பாயிண்ட் ஒரு கேள்வி கேக்கும்: எல்லா ஸ்லைடுமா, இது ஒண்ணு மட்டுமா? பைய வாசிச்சு அமுக்கு. அவசரத்துல ஒண்ணுங்கறத அமுக்கிட்டு ஒருத்தன் வந்தான். ‘அனைவருக்கும் வணக்கம்’ங்கற ஒத்தப் படத்தச் சுவத்துல விட்டுட்டு முக்கா மணிக்கூறு பேசினான். சத்தியமாச் சொல்லுகேன், இந்த ஹால்ல நான் கேட்ட நல்ல பேச்சு அதுதான்.

பேரு வைக்கதுலயும் சூட்சுமம் உண்டு. 1, 2, 3ன்னு 12 படத்துக்குப் பேரு வச்சா, எழுத்து வரிசை பாக்குத மெஷினு 1 முடிஞ்சதும் 10, 11, 12ஐக் காட்டிட்டுத்தான் 2க்குத் திரும்பி வரும். 01, 02ன்னு வைக்கணும். இது தெரியாம ஓடைப்பணிக்காரன் ஒருத்தன், மொதப் படத்துல ‘திட்டம்’, அடுத்த படத்துல ‘வேலை முடிந்தது, பில் பாஸானது’, அதுக்கும் அப்புறமா ‘வேலை விரைவில் தொடங்கும்’னு காட்டினான். சனம் சிரிக்கல மக்ளே. வழக்கமா நடக்க வரிசையிலதான காட்டுகான்னு தலையாட்டிட்டு இருந்துச்சு.

பென்டிரைவ ஃபேட்32 வகையில ஃபார்மேட் பண்ணிக்கோ; மத்த வகையளப் பல மெஷினு கண்டுக்கிடாது. ஒத்த ஃபைலு 4 ஜிபிக்கு மேல அதுல ஏறாது. உன் ஸ்லைடுக்கு அதெல்லாம் தாராளம். ஆனா உன் கல்யாண வீடியோவையும், பழைய கல்லூரிப் படங்களையும் அதே பென்டிரைவுலதான் வச்சிருக்கேன்னு உன் அம்மா சொன்னா. அதையெல்லாம் வீட்டுல எறக்கி வச்சிட்டு வா. சொருகின ஒடனே உள்ள கெடக்கத அத்தனையும் குட்டிக்குட்டிப் படமா வரிசை கட்டிச் சபைக்குக் காட்டும், சில மெஷினு. கிராமசபைக்கு வாக்காளர்ல பத்துல ஒரு பங்கு வரணும்னு சட்டம். வராத மிச்சம் ஒன்பது பங்குக்கும் சாயங்காலத்துக்குள்ள சேதி போயிரும்.

எழுத்துக்கு வாறேன். நம்ம கூட்டத்துக்கு மலையாளமும் வேணும், தமிழும் வேணும். கேரளத்து ஆட்சிமொழிச் சட்டம் 1969-லயே, தமிழ், கன்னடச் சிறுபான்மைக்காரங்க சர்க்காருக்குத் தன் பாஷையிலயே எழுதலாம்னு சொல்லியாச்சு. சட்டம் குடுத்தத ஃபாண்டு புடுங்கிரும். பாமினியில அடிச்சத அந்த ஃபாண்டு இல்லாத எடத்துல தொறந்துபாரு, இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாக் கெடக்கும். 2010-ல தமிழ்நாட்டு சர்க்கார் இனி யூனிகோடுதான்னு உத்தரவு போட்டுச்சு. டிடிபி கடை அண்ணாச்சி கைக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரல. படமா மாத்திட்டா இந்த வம்பு இல்ல. கொம்பு கொம்பா நிக்கும், சுழி சுழியாக் கெடக்கும். பிழையும் பிழையாவே கெடக்கும், அதையும் ஓர்மை வச்சுக்கோ. மேடையில நின்னு திருத்த வழி கெடையாது. ‘வளர்ச்சிப் பணிகள்’ங்கறத ‘வறட்சிப் பணிகள்’னு அடிச்சுட்டு வந்தியானா, கூட்டம் முடியுத வரைக்கும் வறட்சிதான். அதுவும் சரியாத்தான் இருக்குன்னு சொல்ல எவனாவது கடைசி பெஞ்சுல இருப்பான்.

சிலவன் பென்டிரைவும் வேண்டாம், ஃபோனே போதும்னு வருவான். 1956 நவம்பர் 1-ல விளவங்கோட்ட அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரைய இந்தப் பக்கமுமா வச்சு கோடு போட்டாவ. செல்போன் டவரு அந்தக் கோட்ட இன்னும் ஒத்துக்கிடல. இஞ்சிவிளையில நிக்கவன் ஃபோனு கேரளத்துல ஒரு காலும் தமிழ்நாட்டுல ஒரு காலுமா நிக்கும். நல்லவேளை, ப்ரொஜெக்டருக்கு டவரு வேண்டாம். அதுவே சொந்தமா ஒரு வைஃபை விடும். ஃபோன அதுல மாட்டிட்டா போதும், படம் நேராப் போயிரும். குழி அங்கதான் இருக்கு. அதுல மாட்டினதும் பல ஃபோன்ல இன்டர்நெட்டு அத்துப்போவும். படமெல்லாம் கூகுள் டிரைவுல பத்திரமா இருக்குன்னு சொன்ன ஒரு ஆபீசரு, பத்திரமாத்தான் இருக்குன்னு ரெண்டாந்தடவையும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு. முந்தின நாளே ஃபோனுக்குள்ள எறக்கி வச்சிரணும்.

எறக்கி வச்சாலும், ஃபோன் திரைய அப்பிடியே சுவத்துல விட்டா உன் வீட்டு வெவகாரமும் சுவத்துல ஏறும். குடிநீர்க் குழாய் வரைபடத்துக்கு மேல, ‘வரும்போது நெத்தோலி வாங்கணும், போன தடவை மாதிரி அழுகினது வேண்டாம்’னு ஒரு மெசேஜ் வந்து நின்னுச்சு. குழாயப்பத்தி அப்புறம் ஒருத்தரும் கேக்கல. நெத்தோலி எந்தச் சந்தையில வாங்கினதுன்னுதான் கேட்டாவ. ஃபிளைட் மோடுல போட்டுட்டு வைஃபைய மட்டும் தொறந்து வை. ப்ரொஜெக்டருக்குக் கடவுச்சொல்லும் போட்டு வை. சில மெஷினு சுவத்துல நாலு இலக்க எண்ணக் காட்டும், அதத் தட்டினவன மட்டுந்தான் உள்ள விடும். அது இல்லேன்னா அடுத்த வீட்டுப் பயலும் தன் சினிமாவ உன் சுவத்துல ஓட்டலாம். வைஃபைக்குச் செக்போஸ்டு கெடையாது பாரு. நெய்யாற்றுத் தண்ணி விளவங்கோட்டுக்குப் போறதத்தான் 2004-ல நிறுத்தி வச்சிருக்கு.

இத்தனையும் கேட்டுட்டு, ‘பாட்டா, இது புது டெக்னாலஜி’ன்னு மட்டும் சொல்லிராத. கம்ப்யூட்டர் இல்லாமப் படம் காட்டுகதுதான் மக்ளே பழசு. பவர்பாயிண்டு 1987-ல மெக்கின்டாஷுக்கு வந்தப்ப அதுக்குச் சுவத்துல வீசவே தெரியாது. கறுப்பு வெள்ளையில தாளு அடிச்சுக் குடுக்கும். அத கண்ணாடித்தாளுல ஏத்தி ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர்ல வச்சுக் காட்டணும். அத உண்டாக்கின கம்பெனிய மைக்ரோசாஃப்ட் அதே வருசம் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கிச்சு. கோடாக் கம்பெனி 1961-ல இருந்து 2004 வரைக்கும் கரோசெல்னு ஒரு மெஷினு வித்தான். வட்டத்தட்டுல 80 ஃபிலிம் துண்ட அடுக்கி வச்சா ஒவ்வொண்ணா விழும். அதுலயும் கம்ப்யூட்டரு இல்ல. அதுக்கெல்லாம் மூத்தது நம்ம நாஞ்சில்நாட்டுத் தோல்பாவைக்கூத்து. ஒரு வெள்ளை வேட்டி, பின்னால ஒரு வெளக்கு, தோலுல வெட்டின ராமனும் ராவணனும். ஒத்த மனுசன் பாவையையும் ஆட்டி, அத்தனை பேருக்கும் கொரலும் குடுத்து ராத்திரி பூரா நடத்துவான். அனுமார் கை பிஞ்சுபோனா, ‘சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, ஒரு நிமிசம்’னு அவன் சொல்லி நான் கேட்டதில்ல.

இங்கதான் உன் காரியம் கெடக்கு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளப்புல அம்மச்சிப்பிலாவு பாத்திருக்கியே. எட்டுவீட்டுப் பிள்ளைமாருட்ட இருந்து தப்ப, மார்த்தாண்டவர்மா அந்தச் சக்கைமரப் பொந்துக்குள்ள ஒளிஞ்சாருன்னு சொல்லுவாவ. லேப்டாப்பு மூடிதான் இத்தன நாளா உனக்கு அந்தப் பொந்து. பேச மறந்தா அதுல குறிப்பு ஓடும். கேள்வி கேட்டா, ‘இருங்க, அந்த ஃபைல தேடுகேன்’னு கொஞ்ச நேரம் தலையக் குனிஞ்சுக்கிடலாம். சொல்லுகதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எழுத்து ஒவ்வொண்ணாச் சுத்திச்சுத்தி வந்து விழும், பிள்ளையளாவது ரசிக்கும். படமா மாத்தின ஸ்லைடுல சுத்துகதும் இல்ல, குறிப்பும் இல்ல, தேடுகதுக்கு ஃபைலும் இல்ல. ரிமோட்ட அமுக்கினா அடுத்தது வரும். அவர் பொந்துல இருந்து வெளிய வந்து திருவிதாங்கூர் ஆண்டாரு. நீ வெளிய வந்து என்ன செய்யப்போறன்னு பாக்கத்தான் நான் முன்வரிசையில நாற்காலி போட்டு வச்சிருக்கேன்.

கொஞ்சம் தில்லுமுல்லும் சொல்லித்தாறேன். தானா ஓடுதாப்புல ஒரு வசதி அந்த மெஷினுல உண்டு. இன்ன நேரத்துக்கு ஒரு படம்னு வச்சுக்கிடலாம். அது ஏற்கெனவே யாரோ வச்சதாக் கெடந்தா, நீ மெம்பரு பேரச் சொல்லி, பிரசிடென்ட் பேரச் சொல்லி முடிக்குமுன்ன ‘நன்றி’ வந்து நிக்கும். மொதல்ல அத நிறுத்து. பேச ஒண்ணுமே இல்லேன்னா நிறுத்தாத. மெஷினு அவசரப்பட்டுட்டுன்னு சொல்லிட்டு எறங்கிரலாம். அப்புறம், மத்தியானக் கூட்டத்துல மஞ்ச எழுத்த வெள்ளையில எழுதிக் கொண்டுவராத. நம்ம ஹாலுக்குச் சன்னல் ஆறு, திரைச்சீலை ரெண்டு. 3000 லூமென் மெஷினும் பாறசாலை வெயிலும் மோதினா வெயிலுதான் செயிக்கும். கறுப்பு எழுத்து, ஒரு படத்துக்கு நாலு வரி. ஆனா சாலைக் கணக்கு காட்டணும்னா மட்டும் மஞ்சளே போடு. அது தெரியாததுதான் பல பேருக்கு நல்லது.

கறண்டு போனா ‘கேஎஸ்இபி’ன்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் பேசிட்டே இரு. லாம்பு போட்ட மெஷினு சூட்டோட அணைஞ்சா, கறண்டு திரும்பி வந்தாலும் சூடு ஆறுத வரைக்கும் எரியாது. அதப் போயி அமுக்கி அமுக்கிப் பாக்காத.

உதவிக்கு எஞ்சினீயர ஒண்ணும் தேடவேண்டாம். 2018-ல கேரள சர்க்காரு ஹைடெக் பள்ளித் திட்டம்னு 4752 பள்ளிக்கூடத்துல 45000 வகுப்புக்கு ப்ரொஜெக்டரும் லேப்டாப்பும் குடுக்கத் தொடங்கிச்சு. அதே வருசம் லிட்டில் கைட்ஸ்னு பிள்ளையளுக்குக் கம்ப்யூட்டர் சங்கமும் ஆரம்பிச்சாவ. அப்பிடி ஒரு பெண்பிள்ளை முன்வரிசையில அம்மைக்குப் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை தின்னுட்டு இருக்கும். நீ ரிமோட்டத் தலைகீழாப் புடிச்சிருக்கத மொதல்ல கண்டுபிடிக்கது அதுதான். அதுட்ட மரியாதையாப் பேசு. ‘மோளே, ஒண்ணு நோக்கணே’ன்னு கேட்டா வந்து சரிபண்ணித்தரும். அதட்டினா உன்ன வீடியோ எடுக்கும்.

கடைசியா குடும்பஸ்ரீ மகளிர்குழு அக்காமாரு. நீ 12 படத்தையும் காட்டி முடிச்சு, வேர்வையத் தொடைச்சிட்டு நிக்கும்போது, பின்னால இருந்து ஒருத்தி எந்திரிச்சு, ‘அதெல்லாம் இருக்கட்டும் சாரே, எங்க வளைவுல குழாயில தண்ணி எந்த நாளு வரும்?’னு கேப்பா. அந்தப் படம் 01-லயும் இருக்காது, 12-லயும் இருக்காது. பென்டிரைவ உருவிட்டுத் திரும்பச் சொருகினாலும் வராது. மூணு மாசத்துக்கு ஒருக்கா கிராமசபை கூடணும்னு சட்டத்துல இருக்கதுனால, ‘அடுத்த கூட்டத்துல சொல்லுகேன்’னு சொல்லித் தப்பிச்சவனுவ உண்டு. அவ ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாறவ. எவன் எப்பச் சொன்னான்னு நோட்டுல குறிச்சு வச்சிருக்கா. அதனால பஞ்சாயத்து ஆபீசுல போயி அந்தத் தேதிய மட்டுமாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வா. அத ஸ்லைடுல போடவேண்டாம், வாயால சொன்னாப் போதும்.

ஹால நான் ரெண்டு மணிக்கே தொறந்து வைக்கேன். ஓட்டிப்பாக்க ஒரு மணிக்கூறு முந்தி வா. வரும்போது ரிமோட்டுக்கு ரெண்டு பென்சில் பேட்டரி வாங்கிட்டு வந்திரு. உள்ள கெடந்த பேட்டரி எங்க போச்சுன்னு என்கிட்ட கேக்கப்பிடாது. நான் ரேடியோவுல பாட்டு கேட்டுட்டு இருப்பேன்.