லிமிடெட் பல்கலைக்கழகம்

ஜூலை பிறந்தால் டெல்லியில் மழை வருமோ வராதோ, ஊரிலிருந்து போன் வந்துவிடும். இந்த முறை பாளையங்கோட்டை மச்சினன்.

"அத்தான், பாப்பாவுக்கு மிராண்டா ஹவுஸ் கிடைக்கும் போலிருக்கு. ஹவுஸ்னா என்ன, ஹாஸ்டலா?"

"காலேஜ்தான்டே. 1948-ல ஆரம்பிச்ச பெண்கள் கல்லூரி. மத்திய அரசு தரவரிசையில 2017-லேர்ந்து 2023 வரைக்கும் அதுதான் முதலிடம்."

"பொறவு காலேஜ்னே பேர் வெச்சா என்ன?"

பதில் சொல்வதற்குள் அடுத்த சந்தேகம். எதிர்வீட்டு எட்வின் மகனை இந்து காலேஜில் சேர்ப்பார்களா? தாராளமாக. 1899-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் எல்லா மதத்தவரும் படிக்கிறார்கள். சாலையைக் கடந்தால் செயின்ட் ஸ்டீபன்ஸ். அது 1881-இல் தொடங்கியது. அங்கே பாதி இடம் கிறிஸ்தவர்களுக்கு. எஸ்.ஆர்.சி.சி. என்கிற ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் வரும் ஸ்ரீராம், ராமர் அல்ல, டி.சி.எம். துணி ஆலை லாலா ஸ்ரீராம். லேடி ஸ்ரீராம் கல்லூரியில் வருபவர் சீதை அல்ல, லாலாவின் மனைவி. தௌலா குவானில் இருக்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மட்டும் நிஜமாகவே பெருமாள் கல்லூரி. திருப்பதி தேவஸ்தானம் நடத்துகிறது. லட்டு உண்டா என்று மச்சினன் கேட்டான். இல்லை என்றேன்; ஏமாற்றம் போனிலேயே கேட்டது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கல்லூரி என்றால் அரசு, உதவி பெறும், சுயநிதி, தன்னாட்சி, நிகர்நிலை என்று வகை தெரிந்தாக வேண்டும். சாதி கேட்பது போல அதைத்தான் முதலில் கேட்பார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கேள்விக்கு மதிப்புக் குறைவு. அறக்கட்டளை நடத்தினாலும், டெல்லி அரசே முழுச் செலவையும் ஏற்கும் பன்னிரண்டு கல்லூரிகளில் ஒன்றானாலும், பி.ஏ. ஆனர்ஸுக்குப் பாடத்திட்டம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, பட்டமும் ஒன்று. சத்யவதி என்ற பெயரில் ஒரே வளாகத்தில் காலையில் ஒரு கல்லூரி, மாலையில் இன்னொரு கல்லூரி; பட்டத்தைப் பார்த்து அது எந்த வேளை என்று யாரும் கேட்பதில்லை. முன்பெல்லாம் சேர்க்கைக்கு மார்க்தான்; 2011-இல் எஸ்.ஆர்.சி.சி., பிளஸ் டூவில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு நூற்றுக்கு நூறு கட்-ஆஃப் வைத்து நாட்டையே அலறவிட்டது. 2022-லிருந்து க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு. பாப்பா நம் ஊரில் வாங்கிய மார்க்குக்கு இங்கே சட்டம் போட்டு மாட்டும் மரியாதைதான்.

உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. டெல்லியில் 'ஐ.பி.' என்றால் இரண்டு. ஒன்று 1924-இல் தொடங்கிய இந்திரப்பிரஸ்தா பெண்கள் கல்லூரி, டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மற்றது 1998-இல் டெல்லி அரசு தொடங்கிய குரு கோபிந்த் சிங் இந்திரப்பிரஸ்தா பல்கலைக்கழகம். அதன்கீழ் தனியார் கல்லூரிகள் ஏராளம். "ஐ.பி.யில் சீட்" என்று எவராவது சொன்னால் எந்த ஐ.பி. என்று கேளுங்கள். கட்டண ரசீது பார்த்துப் புரிந்துகொள்வது செலவு பிடிக்கும் வழி.

இந்த இரண்டு பல்கலைக்கழகங்கள் போக மூன்றாவது வகையும் உண்டு: போலி. யூ.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் டெல்லிக்கு எப்போதும் பெரிய பங்கு. அதில் பல வருடமாக இருப்பவற்றுள் ஒன்று 'கமர்ஷியல் யுனிவர்சிட்டி லிமிடெட், தரியாகஞ்ச்'. லிமிடெட்! இதைவிட நேர்மையாக எப்படிப் பெயர் வைப்பது? யூ.ஜி.சி. தலைமையகத்திலிருந்து தரியாகஞ்சுக்கு நடந்தே போகலாம். 'யுனைடெட் நேஷன்ஸ் யுனிவர்சிட்டி, டெல்லி' என்றும் ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஐ.நா.வின் அசல் பல்கலைக்கழகம் இருப்பது டோக்கியோவில்.

பட்டியல் யூ.ஜி.சி. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள். லட்டு விசாரிக்க மட்டும் எனக்குப் போன் செய்யுங்கள்.