கடைநூல் கடுப்பு: காரணமும் மருந்தும்

அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றின் கடைசி நாவலை மூடிவைத்த கையோடு வாசகர் முகத்தில் படரும் கடுகடுப்பு, மனித இனத்தின் மிகப் பரவலான உணர்ச்சிகளுள் ஒன்று. எனினும் காதல், வீரம், அவலம் ஆகியவற்றுக்குக் கிடைத்த மரியாதை இதற்குக் கிடைத்ததில்லை. "ஆசிரியர் கெடுத்துவிட்டார்" என்ற ஒற்றை வரியில் விசாரணையை முடித்துக்கொள்வதே உலக வழக்கு. அந்தத் தீர்ப்பு தவறு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கடுப்புக்குக் காரணம் நூலன்று, காத்திருப்பு. அடுத்த பாகம் வரும்வரை வாசகர் சும்மா இருப்பதில்லை; மனசுக்குள்ளேயே கடைநூலை எழுதி, மெய்ப்பும் பார்த்து முடித்துவிடுகிறார். அச்சாகி வருவது, அந்த ஒப்பற்ற நூலுக்குப் போட்டியாகத் தாமதமாக வந்து சேர்ந்த இன்னொன்று மட்டுமே.

முதற்சான்று, கொழும்பில் குடியேறி வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் விண்பயண வரிசை. '2001' வெளிவந்தது 1968இல். இதுவே இறுதி என்று தலைப்பிலேயே கூறிக்கொண்டு '3001' வந்தது 1997இல். நடுவில் 1982இலும் 1987இலும் இரண்டு நூல்கள். ஆக 29 ஆண்டுகள். முதல் நூலில் தோன்றும், பக்கங்கள் 1:4:9 என்ற விகிதத்தில் அமைந்த கரும்பாளத்தைச் செய்தவர்கள் நம்மை என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வியோடு, வாசகர் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பிள்ளைக்கு மீசை முளைக்கும்வரை பொறுத்திருந்தார். கிடைத்தது என்ன? முதல் நூலில் ஹால் என்னும் கணினியால் மாண்ட ஃபிராங்க் பூல், ஆயிரம் ஆண்டு உறைந்து கிடந்தபின் உயிர்பெறுகிறார். மூளைத்தொப்பி அணிவதற்காகத் தலையை மழித்துக்கொள்கிறார். பூமத்திய ரேகையிலிருந்து விண்ணுக்கு எழும் கோபுரத்தைச் சுற்றிப் பார்க்கிறார். கடைசியில், நிலவின் பெட்டகம் ஒன்றில் பூட்டிவைத்திருந்த கணினி வைரஸ்களைக் கொண்டு கரும்பாளத்தை முடக்குகிறார்கள். நன்னூல் வகுத்த பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் வாசகர் ஒரே மூச்சில் சுமத்துகிறார்: பாளத்தைச் செய்தவர்களைப் பற்றிச் சொன்னது போதாது, மொட்டையைப் பற்றிச் சொன்னது அதிகம்.

குற்றம் முடிவின் தன்மையில்தான் இருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அதைச் சோதிக்க இயற்கையே இரண்டு பரிசோதனைகளை நடத்திக் கொடுத்திருக்கிறது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1985இல் 'சாப்டர்ஹவுஸ்: டூன்' நாவலைக் கப்பல் கிளம்பும் நிலையில் நிறுத்தினார், மறு ஆண்டே காலமானார். அங்கே முடிவே இல்லை. டக்ளஸ் ஆடம்ஸோ 1992இல் 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' நாவலில், பூமியை இணைப் பிரபஞ்சங்கள் அத்தனையிலும் அழித்துத் தீர்த்தார். இதைவிட முற்றான முடிவுக்கு வானியலில் இடமில்லை. இரண்டுக்கும் எழுந்த எதிர்வினை ஒன்றுதான்: இப்படியா முடிப்பது! முன்னதை முடித்துவைக்க, ஹெர்பர்ட்டின் மகன் மற்றொருவருடன் சேர்ந்து 2006இலும் 2007இலும் இரண்டு நாவல் எழுத நேர்ந்தது. பின்னதன் 2005 பிபிசி வானொலி வடிவத்தில், மாண்டவர்களைப் பிழைக்கவைக்க வழி தேடினார்கள். முடிவே இல்லாவிட்டாலும் கடுப்பு, மிச்சமே இல்லாமல் முடித்தாலும் கடுப்பு என்றால், முடிவை ஐயப்பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். எஞ்சி நிற்பவர் வாசகர் ஒருவரே.

இதற்கு மூன்று தடைகள் எழக்கூடும். நூல் உண்மையிலேயே மோசமாக இருந்தால் என்ன என்பது முதல் தடை. எளிய விளக்கம் என்பதாலேயே ஆய்வுலகம் இதை ஏற்காது. மேலும், தம் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த தொடர்ச்சியல்ல, ஒரே கருவின் வெவ்வேறு வடிவங்கள் என்று கிளார்க் முன்கூட்டியே சொல்லிவைத்தார். முன்னுரையைத் தாண்டிக் குதித்தவர் முறையிட உரிமையற்றவர். எல்லாப் பாகங்களையும் மொத்தமாக வாங்கி ஒரே வாரத்தில் படிப்பவருக்குக் காத்திருப்பு ஏது என்பது இரண்டாம் தடை. அவர் ஆண்டுகளுக்குப் பதிலாகத் தூக்கத்தைச் செலவிட்டவர். விடியற்காலை மூன்று மணிக்கு எந்த முடிவும் ஈடுகட்டாது. கடைநூலை மனமாரப் பாராட்டியவர்களும் உண்டே என்பது மூன்றாம் தடை. நல்ல மனிதர்கள், முந்தைய பாகங்களை அவர்கள் படித்திருக்கிறார்களா என்று விசாரித்தல் நலம்.

இனி மருந்து. ஐசக் அசிமோவ் கண்ட வழி, முன்னே போகாமல் பின்னே போவது: ஃபவுண்டேஷன் வரிசையின் காலவரிசைப்படியான கடைசி நாவலை 1986இல் வெளியிட்ட அவர், 1988இல் கதையின் தொடக்கத்துக்கும் முந்தைய காலத்துக்கு நழுவிவிட்டார். எழுத்தாளர்களுக்கு இது பயன்படும். வாசகரின் பிணிக்கு ஆகாது. தம் மனக்கடைநூலை எவர் திருத்தமும் படாமல் காத்து, நிறைவோடு வாழ்கிறவர் ஒருவர் இருக்கிறார்: கடைசிப் பாகத்தைத் தாம் படிக்கும் முன்பே நண்பருக்கு இரவல் கொடுத்தவர். ஆகவே பொதுநூலகங்கள் எந்தத் தொடரானாலும் அதன் கடைசி நாவலை மட்டும் வாங்காமல் விட்டு, கேட்பவரிடமெல்லாம் "வெளியே போயிருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லிவர வேண்டுமென இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. பல நூலகங்களில் இத்திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதாகவே தெரிகிறது.