ஐயாயிரம் மீட்டரிலிருந்து இறங்கிய கதை

பெரம்பலூர்க்காரன் திபெத்துக்குப் போவதில் உள்ள முதல் சிக்கல் சீனா அல்ல, சிறுவாச்சூர். எங்கள் பக்கத்தில் நெடும்பயணம் கிளம்புகிற வண்டி எதுவானாலும், மதுரகாளியம்மன் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏற வேண்டும். அம்மன் கோயில் நடை திறப்பதோ திங்களும் வெள்ளியும். விமானத் தேதி, பர்மிட் தேதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆசையைக் கிளப்பியவன் ஜெயங்கொண்டத்து அத்தை மகன், என் மச்சான். லாசாவில் தொடங்கி யம்துரோக் ஏரி, கியான்சே, ஷிகாட்சே வழியாக எவரெஸ்ட் அடிவாரம்வரை ஒருவர் காரில் போகும் படத்தை யூடியூபில் ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டு, விடிவதற்குள் ‘லாசா போலாம்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டான். எங்கள் குடும்பம் பாதி பெரம்பலூர் மாவட்டம், பாதி அரியலூர் மாவட்டம். 2001-ல் பிரித்து, 2002-ல் சேர்த்து, 2007-ல் மறுபடியும் பிரித்த மாவட்டங்கள் இவை. எங்கள் குடும்பத்தில் ஒரு தீர்மானம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

குழுவில் ஆள் கூடக் கூடப் பயணத்தின் உயரம் குறையும். இயற்பியலில் இப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் இது பொய்த்ததே இல்லை.

முதல் திட்டத்தின் உச்சி ரோங்புக் மடாலயம். எவரெஸ்ட்டின் வடக்கு முகத்துக்கு எதிரே, ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மச்சான் கொரோனா காலத்து ஆக்சிமீட்டரைத் தூசி தட்டி எடுத்து வந்து எல்லார் விரலிலும் மாட்டிப் பார்த்தான். பெரியப்பாவுக்கு 98 காட்டியது.

“அங்க போனா இது எறங்குமா?” என்றார் பெரியப்பா.

“எறங்கும் மாமா. தலை வலிக்கும். அதுக்கு அசெட்டசோலமைடுன்னு ஒரு மாத்திரை இருக்கு.”

“அதைப் போட்டா?”

“அடிக்கடி ஒண்ணுக்கு வரும்.”

அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார். “அந்த ரோட்டுல பாத்ரூம் எத்தனை மைலுக்கு ஒண்ணு?”

யூடியூப்காரர் அதைக் காட்டியிருக்கவில்லை. ரோங்புக் அன்றைக்கே கழன்றுகொண்டது. லாசா மட்டும் போதும் என்று முடிவாகி, உயரம் 3,650 மீட்டருக்கு இறங்கியது.

லாசாவில் மலையைவிடக் காகிதம் உயரம். சீன விசா தனி, திபெத்துக்குள் நுழையப் பர்மிட் தனி. அந்தப் பர்மிட்டை நாமே போய் வாங்க முடியாது, பயண முகவர்தான் வாங்கித் தர வேண்டும். எந்த நாள் எந்த ஊர், எந்த மடாலயம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடும் வண்டியோடும் எழுதியபடியே போய்வர வேண்டும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வெளிநாட்டாருக்குக் கதவையே சாத்திவிடுவது வழக்கம்.

“நடுவுல டீக்கு நிறுத்தணும்னா அதையும் எழுதிக் குடுக்கணுமா?” என்றார் பெரியப்பா. வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் வருவதற்குள் இரண்டு இடத்தில் டீக்கு நிறுத்துகிறவர் அவர்.

டீ என்றதும் மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. திபெத்தில் டீயில் யாக் வெண்ணெயும் உப்பும் போட்டு நெட்டையான மரக்குழாயில் கடைவார்கள், வறுத்த பார்லி மாவை அந்த டீயிலேயே பிசைந்து உருட்டிச் சாப்பிடுவார்கள், அதற்கு ட்சம்பா என்று பெயர் என்று வர்ணித்தான். அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, “மாவிளக்கு மாவுல வெல்லத்துக்குப் பதிலா உப்பா? அம்மனுக்கே ஆகாதேடா அது” என்றார்.

லாசாவை முழுசாகச் சாய்த்தது ராகுகாலம். சீனா முழுவதற்கும் ஒரே கடிகாரம், பெய்ஜிங் நேரம். லாசாவில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் இரண்டைக் காட்டும். பெரியப்பா விடவில்லை. “வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகுகாலம். அங்க அது பத்தரைக்கா, பன்னெண்டரைக்கா?”

எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் பெய்ஜிங்குக்குப் பக்கம் ஒதுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ராகுகாலம், எமகண்டம் இரண்டையும் இரண்டு கணக்கிலும் ஒதுக்கிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து மாலை ஆறரை வரைக்கும் மிஞ்சியவை ஓர் அரைமணி, ஒரு மணி, இன்னோர் அரைமணி. போத்தலா அரண்மனையில் ஆயிரம் அறைக்கு மேல் இருக்கின்றன.

லடாக்காவது போகலாம் என்று மச்சான் மன்றாடினான். குளிரில் தயிர் உறையாது என்று அத்தை சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்போதுதான் ஜெயங்கொண்டத்து மாமா வாயைத் திறந்தார். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பதால், எந்தப் பேச்சையும் ராஜேந்திர சோழனிடம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடமாட்டார்.

“கங்கை வரைக்கும் போனது படைதாம்பா. திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பாரு. ராஜேந்திரன் கோதாவரிக் கரையிலயே இருந்துட்டான். தண்ணி அவன்கிட்ட வந்துச்சு. ஆனா கங்கைகொண்டான்னு பேரு யாருக்கு? அவனுக்குத்தான். நாமளும் பாதி வழியில நின்னுக்குவோம்.”

பாதி வழி என்பதற்குக் கர்நாடகத்தில் நல்ல இடம் இருந்தது. மைசூருக்கு மேற்கே பைலகுப்பே. 1959-க்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த திபெத்தியருக்காக, பி. டி. ஜாட்டி முதல்வராக இருந்த அன்றைய மைசூர் அரசு ஒதுக்கிய காட்டு நிலத்தில் 1961-ல் உருவான குடியிருப்பு. 1963-ல் பெனோர் ரின்போச்சே அங்கே நம்ட்ரோலிங் மடாலயத்தைத் தொடங்கினார். அதன் பொற்கோயிலில் உள்ள புத்தர் அறுபது அடி உயரம். எங்கள் சாத்தனூர் கல்மரமும் பதினெட்டு மீட்டர், கிட்டத்தட்ட அதே அளவு. என்ன, அது படுத்திருக்கிறது. வெளிநாட்டார் பைலகுப்பேயில் தங்க டெல்லியிலிருந்து அனுமதி வாங்க வேண்டும், நமக்கு வேண்டாம். உயரம் 800 மீட்டர் சொச்சம். மாத்திரை தேவையில்லை, தயிர் உறையும், ராகுகாலம் நம்முடையதே.

“அங்க என்ன வெள்ளாமை?” என்று கேட்டார் பெரியப்பா.

மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மக்காச்சோளம்.”

எல்லோரும் பெரியப்பா முகத்தைப் பார்த்தோம். தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன மாவட்டம் எங்களுடையது. அதைப் பார்க்க நானூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போவதா என்று சீறுவார் என்றுதான் நினைத்தோம். ஆனால், குழு தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “படைப்புழுவுக்கு அவங்க என்ன மருந்து அடிக்கிறாங்கன்னு கேட்டே ஆகணும். எப்பக் கெளம்பறோம்?”

திபெத்தியர் ஊர் என்றால் குளிராமல் இருக்காது என்பது அத்தையின் கட்சி. எனவே மார்கழி பிறந்ததும் ஸ்வெட்டர் வாங்கத் திருச்சிக்குப் போனோம். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர் வரிசையாகக் கடை போட்டிருந்தார்கள். ஒரு கடையில் நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், தமிழும் கன்னடமும் இந்தியும் கலந்து பேசினார். அத்தை ஆளுக்கொன்றாக எடுத்து அடுக்கிவிட்டு, “உங்க ஊருக்குத்தாம்மா வர்றோம், கொறச்சுப் போடு” என்றார்.

“எங்க ஊருக்கா? எந்த ஊருக்கு?”

“பைலகுப்பே.”

அவர் சிரித்தார். “அங்க ஸ்வெட்டர் எதுக்கு? பகல்ல வெயில் அடிக்கும். இப்ப போனா ஆளும் இருக்க மாட்டாங்க. வீட்டுக்கு வீடு ஸ்வெட்டர் விக்கப் போயிருப்பாங்க. எங்க வீட்ல பாட்டியும் நாயும்தான். பிப்ரவரில வாங்க.”

பெரியப்பா ஸ்வெட்டரின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார். லூதியானா என்று போட்டிருந்தது. “ஏம்மா, இது திபெத்துச் சரக்கு இல்லையா?”

“நானே இல்லை. பைலகுப்பேலதான் பொறந்தேன். அப்பா அம்மாதான் மலை தாண்டி நடந்து வந்தாங்க. திபெத்தை நான் பார்த்ததில்ல.” பிறகு மச்சானைப் பார்த்து, “லாசா எப்பவாவது போனீங்கன்னா போட்டோ அனுப்புங்க” என்று எண் கொடுத்தார். மச்சானுக்குப் பேச்சு வரவில்லை. அத்தைக்கு வந்தது. ஆனால் விலையைப் பற்றி அல்ல, கேட்ட காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, “பாட்டிக்குத் துணைக்கு யாரும்மா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் அத்தை பேரம் பேசாமல் வாங்கிய பொருள் அந்த ஸ்வெட்டர்கள்தான்.

பிப்ரவரி ஒத்துவரவில்லை. பெரியப்பாவுக்கு மக்காச்சோள அறுவடை. ஆனால் வாங்கிய ஸ்வெட்டரைப் பீரோவில் வைத்தால் அத்தைக்குத் தூக்கம் வராது. குளிர் எங்கே இருக்கிறது என்று யோசித்ததில், மார்கழி விடியற்காலையில் கரைவெட்டி ஏரிக்கரையில் இருக்கும் என்றார் மாமா.

கரைவெட்டி அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் பாசன ஏரி, பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. குளிர்காலத்தில் அங்கே பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கும். திபெத், மங்கோலியா, லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற பறவை அது. கருவி கட்டிவிட்டு ஆராய்ந்தபோது 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததும் பதிவாகியிருக்கிறது. ரோங்புக்கைவிட இரண்டாயிரம் மீட்டர் உயரம். மாத்திரை, முகவர், எலுமிச்சம்பழம் ஒன்றும் கிடையாது.

விடிகிற நேரத்தில் குடும்பமே லூதியானா ஸ்வெட்டரில் கரைமேல் நின்றோம். தலையின் பின்பக்கம் கருப்பாக இரண்டு கோடு போட்ட சாம்பல் நிற வாத்துகள் தண்ணீரோரம் கூட்டமாக மேய்ந்தன. மச்சான் பைனாகுலரை இறக்கவே இல்லை. “இதுங்களுக்கு மக்காச்சோளம் புடிக்குமா?” என்று பெரியப்பா கவலைப்பட்டார். வெயில் ஏறியதும் ஸ்வெட்டர்கள் ஒவ்வொன்றாக இடுப்புக்கு இறங்கின.

அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“வெளியூரா?”

“பெரம்பலூருங்க” என்றேன். “அதோ, அதுங்கதான் வெளியூர். திபெத்துலேருந்து வருதுங்க.”

பெரியவர் வாத்துகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“அதுங்க வருசா வருசம் வர்றதுங்கதான். உங்களைத்தான் இந்தப் பக்கம் பார்த்ததே இல்ல.”