பெயர் என்னுடையது, பொடி யாருடையது?

கேள்வி: எங்கள் இட்லிப் பொடியின் பெயரையும் லேபிளையும் அப்படியே ஒட்டி, ஆன்லைனில் எவனோ பாதி விலைக்கு விற்கிறான். எங்கே புகார் செய்வது? – ஒரு வாசகி, ஈரோடு.

பதில்: பாதி விலை என்றால் உளுந்தும் பாதிதான் இருக்கும்! கஸ்டமர் கேருக்குப் போன் போடாதீர்கள். ‘பொருளைத் திருப்பி அனுப்புங்கள் மேடம், பணம் வந்துவிடும்’ என்பார்கள். விற்பனைத் தளங்களில் அறிவுசார் சொத்துரிமைப் புகாருக்கென்றே தனிப் படிவம் உண்டு. அமேசானில் ‘பிராண்ட் ரெஜிஸ்ட்ரி’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. அங்கெல்லாம் முதலில் கேட்பது டிரேட்மார்க் எண்ணைத்தான். வாங்கியிருக்கிறீர்களா? பொடிக்குப் பெயர் சூட்டிய பலரும் அதைப் பதிவு செய்ய மறந்துவிடுகிறார்கள். பதிவில்லாத பெயருக்கும் வழக்குப் போடலாம். ஆனால் கோர்ட் வாசலில் உங்கள் பொடி காலாவதியாகிவிடும். பதிவு செய்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இன்னொன்று. அந்த ஆள் உங்களிடமே மொத்தமாக வாங்கிப் பிரிக்காமல் விற்கிறார் என்றால் அது பெரும்பாலும் டிரேட்மார்க் மீறல் ஆகாது, வெறும் வயிற்றெரிச்சல்தான். போலிதான் என்றால் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி 3 ஆண்டுவரை சிறை, 2 லட்சம்வரை அபராதம்.

ஆத்திரத்தில் அவனிடம் சண்டைக்குப் போனால் பக்கத்தை அழித்துவிட்டு நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பான். சத்தமில்லாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, ஒரு பாக்கெட் ஆர்டர் செய்யுங்கள். பில், ஆர்டர் எண், அட்டைப்பெட்டி எல்லாம் பத்திரம். எண்ணெய் ஊற்றிக் குழைத்து ருசி பார்த்துவிடாதீர்கள் அம்மா, அது சாட்சி!