மெசையாவா, பீரங்கியா?

கேள்வி: பழைய வயலின்களில் உங்கள் மனத்தைக் கொள்ளைகொண்டது எது? ஸ்ட்ராடிவாரிதானே?

பதில்: அழகுப் போட்டி வைத்தால் பரிசு அவருக்குத்தான். இத்தாலியின் கிரெமோனாவில் 1716-இல் அவர் செய்த ‘மெசையா’, 1737-இல் அவர் கண்மூடும்வரை பட்டறையை விட்டுப் போகவில்லை. பின்னாலும் அதை வாசித்தவர்கள் குறைவு. இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், வார்னிஷ் மங்காமல், விளிம்பு மழுங்காமல், நேற்றுச் செய்தது போல மின்னுகிறது.

அதே கிரெமோனாவில் குவார்னேரி டெல் ஜெசு 1743-இல் செய்த வயலினுக்கு, அதன் முழக்கத்தில் சொக்கிப்போய் ‘பீரங்கி’ என்று பெயர் வைத்தார் வயலின் மேதை பகனீனி. அவர் வாசித்து வாசித்தே, மோவாய் அழுந்திய இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிகிறது. பிறந்த ஊரான ஜெனோவாவுக்கே அதை எழுதிவைத்தார். அங்கே அவர் பெயரில் நடக்கும் போட்டியில் வென்றவர்களின் கையில் இன்றும் அது முழங்குகிறது.

முதலாவது, அலங்காரம் கலையாத கல்யாணப் பெண். இரண்டாவது, பத்துப் பிள்ளை பெற்றும் குரல் தளராத பாட்டி. கண் இரண்டும் மணப்பெண்ணுக்கு. காதும் மனசும் பாட்டிக்குத்தான்!