பானெட் திறந்த இடத்து வைத்தியர்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் சாலையிலோ, பேகம்பூர்ப் பக்கத்துத் தெருமுனையிலோ, ஒரு கார் நின்று அதன் பானெட் ஒரு சாண் உயர்ந்த மாத்திரத்தில், யார் அழைத்தார் என்று எவரும் கேளாத வண்ணம் அருகில் வந்து, இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அதன் சொந்தக்காரருடைய முகத்தை உற்றுநோக்குகிற பெரியவர் ஒருவர் உண்டு. அவருக்குப் பட்டறையும் கிடையாது, காரும் கிடையாது. ஆகையால் அவருடைய அபிப்பிராயங்களில் சுயநலக் கலப்பு லவலேசமும் இல்லை.

அம்பாசடர் காலத்தில் அவருக்குக் கிடைத்தவை எளிய வியாதிகளே. பிளக், பாயிண்ட், கார்புரேட்டர் என்னும் மூன்று சொற்களுக்குள் அவருடைய சாஸ்திரம் அடங்கிக் கிடந்தது. டர்போ வந்த பிறகுதான் அது பூரணத்துவம் எய்தியது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் இந்த உபாயத்துக்கு, ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வதும், வெளியில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாததும், விலையைக் கேட்டால் நெஞ்சு அடைப்பதுமான ஓர் உறுப்பைக் காட்டிலும், குற்றம் சாட்டத் தகுந்த பாத்திரம் வேறெது?

நோயாளியாக வருவது பெரும்பாலும் ஒரு பழைய டீசல் ஸ்விஃப்ட். இத்தாலியப் பியட் வம்சத்தில் தோன்றி, இந்நாட்டில் மாருதி, டாட்டா முதலியோர் கார்களிலும் குடியேறிய அந்த 1248 சி.சி. எஞ்சின், 75 குதிரைத்திறனோடு திருப்தியாகக் காலந்தள்ளக்கூடியதுதான். ஆனால் அதன் சொந்தக்கார இளைஞர் அந்தத் திருப்தியைச் சகியாமல், கோவைக்குச் சென்று, எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றியெழுதும் 'ரீமேப்' செய்து, காற்றழுத்தத்தை உயர்த்தி, கோன் ஃபில்டரும் கர்ஜிக்கும் சைலன்சரும் மாட்டிக்கொண்டு திரும்பியிருப்பார். சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளிலே அந்தக் கர்ஜனை பெருமூச்சாகக் குறைந்து, பின்னால் வருகிற பஸ்ஸைக் கரும்புகை மூடும்.

"பிக்கப்பே இல்லைண்ணே. ஊருக்குள்ள ஸ்லோ பண்ணினா ஆஃப் ஆயிடுது."

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?"

எந்த எண்ணைச் சொன்னாலும் பெரியவர், "அதான்!" என்பார். பிறகு சற்று மௌனம். "டர்போ போச்சு தம்பி."

கூட்டத்தில் ஒருவர் இன்ஜெக்டர் என்றால் அதையும் அவர் மறுப்பதில்லை. இன்ஜெக்டர் கெட்டதால் டர்போ கெட்டது. டர்போ கெட்டதால் இன்ஜெக்டரும் கெட்டது என்று ஒன்றை மற்றொன்றின்மேல் சாய்த்து நிறுத்துவார். தர்க்க சாஸ்திரிகள் இதனை அந்யோந்யாசிரயம் என்று தோஷமாகக் கொள்வர். திண்டுக்கல்லில் அதற்கு அனுபவம் என்று பெயர்.

இதற்குள் வந்து சேரும் மெக்கானிக் பையனோ பேசவே மாட்டான். ஸ்கேனரைச் சொருகி, எஞ்சின் கேட்கிற காற்றழுத்தம் ஒன்றாகவும் கிடைப்பது வேறாகவும் இருப்பதைப் பார்ப்பான். ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லி 'உஸ்' என்ற சத்தத்துக்குக் காது கொடுப்பான். அழுத்திய காற்று செல்லும் இன்டர்கூலர் ஹோஸின் முனையில் எண்ணெய் கசிந்து புழுதி படிந்த கறுப்பு வளையத்தைத் தடவுவான். கிளிப் தளர்ந்திருக்கிறது. காற்று வழியிலேயே தப்பிவிட, அது வந்து சேர்ந்ததாக எண்ணிய கம்ப்யூட்டர் அதற்கேற்ற டீசலை ஊற்ற, எரியாத மிச்சம் புகையாயிற்று. அடுத்து டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறக்கிறான், தண்ணீர் இறங்குகிறது. நின்று நின்று போனதற்கு அதுவே காரணம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அற்பக் குறைகள்! பெரியவருக்கு இது பெருத்த அவமானம். ஆனால் அவரைவிட மனமுடைந்து நிற்பவர் அந்த இளைஞர்தான் என்பதை நான் சொல்லியாக வேண்டும். டர்போ போயிற்று என்று சிநேகிதர்களிடம் சொல்வதில் ஒரு கௌரவம் உண்டு. கிளிப் கழன்றது என்று எந்த வாயால் சொல்வது? செலவு மிச்சமானதற்கு அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சியும் காணோம். அந்தத் துயரத்தைத் தெருவிலே உணர்ந்துகொள்ளும் ஒரே ஆத்மா நம் பெரியவர்.

"சரி, அந்தக் கிளிப் ஏன் கழண்டுச்சு?" என்று அவர் நிதானமாகக் கேட்பார்.

மெக்கானிக் முதன்முறையாக நிமிர்ந்து பார்ப்பான். ஏனெனில் கேள்வி நியாயமானது. பழைய ஹோஸுக்கும் கிளிப்புக்கும் ஏற்றிவிட்ட அழுத்தம் தாங்கவில்லை. "பழைய மேப்பையே போட்டுருங்கண்ணே, வண்டி ரொம்ப நாள் வரும்" என்று இளைஞரிடம் சொல்லிவிட்டு, கிளிப்பை முறுக்கப் போய்விடுவான்.

இளைஞர் பெரியவரைப் பார்ப்பார்.

"நான் சொன்னது சரியாப் போச்சா? டர்போதான். இது சின்னது தம்பி, அதான் திணறுது. பெரிய டர்போவா மாட்டி, ஸ்டேஜ் டூ போட்டுருங்க."

இளைஞரின் முகம் மலரும். எவ்வளவு ஆகும் என்று கேட்பார்.